முந்நூற்றுப் பதினெட்டு முகங்கள்

"நீ சிம்பாங் அம்பாட் ஊரு ஷஃபீக்தானே?"

மாலையை ஒரு கையில் பிடித்தபடி சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிட்டான். சாருடைய மனைவி தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. லோகேஸ்வரி அவன் பின்னால் நின்ற பெண்ணைப் பார்த்தாள்.

"நீ காமினி. தாசேக் கெலுகோர். போட்டோவுல முடி நீளமா இருந்துச்சி."

"வெட்டிட்டேன் ஆன்ட்டி."

கூடத்தில் அவள் கணவர் சந்திரசேகரன் மாலைகளுக்கு நடுவே கிடந்தார். மூன்று மணிக்கு உடலைப் பத்து லஞ்சாங்கிலுள்ள மின்சுடலைக்கு எடுக்க வேண்டும்.

அவளுக்கு இந்தப் பிள்ளைகளின் முகங்கள் எல்லாம் தெரியும். போன பருவத்தின் முடிவில், மாணவர்கள் ஆசிரியரைப் பற்றிப் பெயர் போடாமல் நிரப்பும் படிவத்தில் யாரோ எழுதியிருந்தார்கள்: 'நான் இந்த ஹாலில் செத்து விழுந்தாலும் இவருக்கு நான் யாரென்று தெரியாது.' சந்திரசேகரன் அதை வாசித்துக் காட்டிச் சிரித்தார். பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாரே தவிர சாப்பிடவில்லை.

புதிய பருவத்தில் அவருடைய புள்ளியியல் வகுப்புக்கு முந்நூற்றுப் பதினெட்டுப் பேர். கல்லூரி கொடுத்த படங்களை அச்சடித்து, வெட்டி, பின்புறம் பெயரும் ஊரும் எழுதினார். ஒரு மாதமாகத் தினமும் சாயங்காலத் தேநீரோடு அவள் படத்தைத் தூக்கிப் பிடிப்பாள். அவர் பெயரைச் சொல்ல வேண்டும். அவளுக்கு ஒட்டிக்கொண்டது. அவருக்கு ஒட்டவில்லை. "'டான்'னு கூப்பிட்டா பதினாலு சீனப் பசங்க திரும்புவானுங்க, நான் என்னா செய்ய?" என்று தலையில் கை வைப்பார்.

புதன்கிழமை காலை அவர் கிளம்பும்போது அவள்தான் சொன்னாள்: "கிளாஸுல பேரு சொல்லிக் கூப்பிட வேணாங்க. பாதிக்கு மேல உங்களுக்கு வரல. அத்தன பேரு முன்னால அசிங்கப்பட்டுட்டு வராதீங்க."

அவர் சப்பாத்தை மாட்டிக்கொண்டு போனார். மதியம் திரும்பியும் ஒன்றும் சொல்லாமல், சட்டையைக்கூட மாற்றாமல் படுத்துக்கொண்டார். அசிங்கப்பட்டுத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து அவளும் கேட்கவில்லை. நான்கு மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஆஸ்பத்திரியில் வாய்க்குள் குழாய் வைத்தபிறகு கேட்க வழியில்லாமல் போயிற்று. சனிக்கிழமை விடியும்போது மூச்சு நின்றது. அந்த அவமானம்தான் அவரைக் கொன்றதா என்று யாரிடம் கேட்பது?

"தம்பி, புதன்கிழமை கிளாஸுல சார் பேரு சொல்லிக் கூப்பிட்டாரா?"

ஷஃபீக் காமினியைப் பார்த்தான். "கூப்பிட்டாரு ஆன்ட்டி. மைக்க வெச்சிட்டு வரிசை வரிசையா வந்தாரு. என்னைக் கிஷன்னு கூப்பிட்டாரு."

"தப்பா சொல்லிட்டாரா?"

"நெறைய தப்பு லா. நாப்பது அம்பது இருக்கும்."

"எல்லாரும் சிரிச்சீங்களா?"

"சிரிச்சோம். சாரும்தான் சிரிச்சாரு."

காமினி குறுக்கிட்டாள். "தப்பா சொல்லிட்டா, அவங்க எழுந்து சரியான பேரைச் சொல்லிட்டு ஒரு கேள்வி கேக்கணும் ஆன்ட்டி. அதான் சார் வெச்ச ரூல். அந்த ஹால்ல நாங்க யாரும் வாயே தொறந்ததில்ல. அன்னிக்கு ஒரே சத்தம்."

"இவள சரியாத்தான் கூப்பிட்டாரு. தப்புன்னு பொய் சொன்னா" என்றான் ஷஃபீக்.

"எனக்குக் கேள்வி இருந்துச்சிடா!"

"கிளாஸு பத்து மணிக்கு முடியணும் ஆன்ட்டி. பத்தே முக்காலுக்கும் விடல."

"சாரா?"

"நாங்க."

லோகேஸ்வரி கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள். "போறப்ப எப்படி இருந்தாரு?"

"டயர்டா இருந்தாரு. சட்டையெல்லாம் வேர்வை. 'மிச்ச பேர வெள்ளிக்கிழமை தப்பா சொல்றேன்'னுட்டுப் போனாரு."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்து அவள் தம்பி வேலு ஓடிவந்தான்.

"அக்கா, என்னாச்சிக்கா?"

"ஒண்ணுமில்லடா. பசிக்குது."

அவன் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போய், ஒரு ரொட்டியும் பாக்கெட் சோயாப் பாலும் கொண்டுவந்து கொடுத்தான்.

அதற்குள் கல்லூரியிலிருந்து இன்னொரு பேருந்தும் வந்து, வாசலில் போட்டிருந்த கூடாரம் நிறையப் பிள்ளைகள். எல்லாரும் வகுப்பில் போலவே பின்வரிசைகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் மூன்று வரிசை காலியாகக் கிடந்தது.

"என்னாக்கா இதுங்க! முன்னால வரச் சொல்லவா?"

"இருக்கட்டும் விடு."

அவள் நாற்காலிகளுக்கு இடையில் நடந்து கடைசி வரிசைக்குப் போனாள். ஒரு பெண் நகர்ந்து இடம் கொடுத்தாள். லோகேஸ்வரி உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். அத்தனை தலைகளுக்கும் அப்பால், திறந்த கதவுக்குள்ளே, அவருடைய நெற்றி மட்டும் சின்னதாகத் தெரிந்தது.