பின் சீட்டில் ஆறு வியாதிகள்

பதினொன்று பத்துக்கு எங்கள் காரில் முப்பத்தோரு சதவீதம் சார்ஜும், உள்ளே இருபத்துநாலு டிகிரி குளிர்ச்சியும், பின் சீட்டில் ஆறு தோல் வியாதிகளும் இருந்தன. வெளியே நாற்பத்தொரு டிகிரி. நானும் வெளியே இருந்தேன்.

வியாதிகள் அக்கா செய்தவை. எல்லாம் மெழுகு. மருத்துவம் படிக்கிறவர்கள் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் படிப்பதற்காக, அக்கி வந்த ஒரு முகம், படை பரவிய ஒரு முதுகு, வெடித்த பாதம், புண்ணான காது, சிரங்கு பிடித்த இரண்டு கைகள். ஒவ்வொரு மயிரையும் ஊசியால் தனித்தனியாக நட்டிருந்தாள். மாடி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு எட்டு மாத வேலை. உள்ளே அவள் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறாள் என்று அப்பா நினைத்திருந்தார். கதவு சாத்தியிருந்தது. அப்பாவுக்கு அந்த அத்தாட்சி போதும்.

அப்பாவின் கணக்குப்படி, இந்த நேரத்தில் அக்கா ஒரு அலுவலகத்தில் எழுத்தர் வேலைக்கு நேர்காணலில் இருக்க வேண்டும். அவருடைய பழைய நண்பர் ஒருவர் சொல்லி வாங்கிக் கொடுத்த நேர்காணல். நான் அவளை அங்கேதான் இறக்கியிருக்க வேண்டும். ஆனால் கார் நின்றது மருத்துவக் கல்லூரி வளாகத்தில். தோல் துறைத் தலைவர் ஆறையும் பார்ப்பார். பிடித்திருந்தால் இன்னும் அறுபது செய்யச் சொல்வார். அந்தச் சந்தோஷத்தோடு வீட்டுக்குப் போய் அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிடுவது. பிடிக்கவில்லை என்றால், நேர்காணல் சரியாகப் போகவில்லை என்று சொல்லிவிட்டு, அடுத்த நேர்காணலுக்கு நிஜமாகவே போய்விடுவது. இதுதான் அக்காவின் திட்டம். இதில் என் பங்கு, காரைக் குளிர்ச்சியாக வைத்திருப்பது.

"நாப்பது டிகிரியைத் தொட்டா இளக ஆரம்பிக்கும்டா" என்று சொல்லிவிட்டு அக்கா இரண்டாம் மாடிக்கு ஓடினாள். அங்கே வராந்தாவில் ஃபேன்கூட இல்லை. சார் கூப்பிட்டால்தான் பொருளை மேலே கொண்டுவர வேண்டும் என்று அட்டெண்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சாரோ வெளிநோயாளிகள் கூட்டத்துக்குள் இருந்தார். அவள் போன வேகத்தில் கார் சாவியும் கைப்பையோடு மாடியேறிவிட்டது.

சாவி இல்லாவிட்டாலும் மொபைலில் செயலி இருந்தது. அதில் கதவைத் திறக்கலாம், ஏசி போடலாம். ஆனால் திறந்தால் குளிர் போய்விடும் என்று நான் வெளியிலேயே நின்றேன். ஏசி அரை மணி நேரம் ஓடி, தானே நின்றுவிடும்; மறுபடி போட வேண்டும். சார்ஜ் இருபதுக்குக் கீழே போனால் செயலி கையை விரித்துவிடும். முந்தின நாள் நான் சார்ஜரைச் சரியாகச் செருகி, சுவரில் ஸ்விட்சைப் போடாமல் தூங்கியிருந்தேன். நான் எலக்ட்ரிக்கல் மூன்றாம் வருடம்.

அந்த வளாகத்தில் நிழலுக்கும் பதவி உண்டு. முழு மரத்தடி துறைத் தலைவர்களுக்கு. பாதி நிழல் துணைப் பேராசிரியர்களுக்கு. ஒரு மரத்தடியில் டயர் இல்லாத ஆம்புலன்ஸ் ஒன்று ஓய்வுபெற்று நின்றது. மீதி இருந்த சூரியன் முழுவதும் எங்களுக்கு.

நான் காரைச் சுற்றி நடந்தேன். மொபைலைப் பார்த்தேன். மறுபடி நடந்தேன். பதினொன்று நாற்பதுக்கு ஏசி நின்றது, போட்டேன். இருபத்தொன்பது சதவீதம். ஏழாவது சுற்றில், காவலுக்கு நின்ற வாட்ச்மேன் கண்ணாடி வழியாக உள்ளே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, பெரியவர் ஒருத்தர் பின்னாடி படுத்திருக்காரு. முகமெல்லாம் ஏதோ கொப்புளிச்சுக் கெடக்கு. எமர்ஜென்சி அந்தப் பக்கம்பா."

"அது மெழுகுண்ணே."

"மெழுகு பூசினா சரியாயிடுமா?"

"பூசலண்ணே. முழுசுமே மெழுகுதான்."

அவர் இன்னும் குனிந்தார். "மீதி உடம்பு எங்க?"

"மீதிக்கு வியாதி இல்ல."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர், விசித்திரங்கள் பார்த்திருப்பார். நாற்காலியை எங்கள் கார் தெரிகிற பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அப்போதுதான் ஏசியின் இரைச்சல் நின்றது. அரை மணி ஆகவில்லை. பன்னிரண்டு நிமிஷம்தான் ஆகியிருந்தது. மறுபடி போட்டேன். நாலு நிமிஷத்தில் மறுபடி நின்றது. மொபைல் அடித்தது. அப்பா.

அப்பா முப்பத்தைந்து வருடம் வீடு வீடாகப் போய் மின்சார ரீடிங் எடுத்தவர். தெருவில் அவர் பெயரே ரீடிங். அடுத்தவர் வீட்டில் ஆளில்லாத அறையில் ஃபேன் சுற்றினால்கூட உள்ளே போய் அணைத்துவிட்டுத்தான் மீட்டரைப் பார்ப்பார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஆசைப்பட்டு வாங்கிய கார் இது. அதே செயலி அவர் மொபைலிலும் இருந்தது. அதில் அவருக்குத் தெரிந்தது இரண்டே படம்: ஒன்று பேட்டரி, இன்னொன்று ஃபேன். கார் எங்கே நிற்கிறது என்று காட்டும் பக்கத்தை அவர் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. எங்கள் குடும்பத்தின் நிம்மதி அந்தப் பக்கத்தில்தான் இருந்தது.

"ஏன்டா, நிக்கற வண்டியில ஏசியைப் போட்டுக்கிட்டுத் தூங்கறியா?"

"தூங்கலப்பா. வெளியிலதான் நிக்கறேன்."

"நீ வெளிய நின்னா உள்ள யாருக்குடா ஏசி?"

நியாயமான கேள்வி. நான் பின் சீட்டைப் பார்த்தேன். அக்கி வந்த முகம் கண்ணை மூடியபடி, இதில் தலையிட விரும்பாதது போல இருந்தது.

"அக்கா வந்தா சூடா இருக்குமேன்னுதான்..."

"அவ வரும்போது ரெண்டு நிமிஷம் போட்டாப் போதும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வை, மரத்தடியில போடு. அவளைக் கூப்பிட்டாங்களா?"

"இன்னும் இல்லப்பா. கூட்டம்."

அதில் மட்டும் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

அதன் பிறகு நடந்தது ஒரு வகைப் போர். நான் போடுவேன், அவர் அணைப்பார். நான் போடுவேன். நாலு நிமிஷம் கழித்து, எங்கோ முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் ஈசிசேரில் ஒரு கட்டைவிரல் அசையும். இரைச்சல் நிற்கும். ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் உள்ளே வெப்பம் ஒரே தாவாகத் தாவியது: முப்பது, முப்பத்துமூன்று. ஒவ்வொரு தடவை போடும்போதும் அந்தச் சூட்டை இறக்கவே பேட்டரி பாதி மூச்சை விட்டது: இருபத்தேழு, இருபத்தாறு. சட்டை முதுகில் ஒட்டி, காய்ந்து, மறுபடி ஒட்டியது. அக்காவுக்கு ஃபோன் அடித்தேன்.

அவள் குசுகுசுத்தாள். "எனக்கு முன்னாடி இன்னும் நாலு பேர்டா. எப்படி இருக்கு?"

"அப்பா அணைச்சுக்கிட்டே இருக்காரு."

"ஐயோ. ஏதாவது சொல்லி சமாளிடா."

"உண்மையைச் சொல்லிடட்டுமா?"

"கொன்னுடுவேன். முதல்ல இவர் சரின்னு சொல்லட்டும். வெறுங்கையோட போய் அப்பா முன்னாடி நிக்க என்னால முடியாதுடா. அந்த ஃப்ரெண்டுகிட்ட அவர் எத்தனை தடவை போய் நின்னிருக்காரு தெரியுமா?"

வைத்துவிட்டாள். மறுபடி நடந்தேன். பன்னிரண்டே முக்காலுக்குக் கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்தேன். நெற்றி சுட்டது. உள்ளே முப்பத்தெட்டு டிகிரி, இருபத்துநாலு சதவீதம். வெயில் விழுந்த பக்கத்தில் கிடந்த வலது கையின் சுண்டுவிரல், மற்ற நாலு விரல்களிடமிருந்து மெதுவாக விலகி, சீட்டை நோக்கிக் குனிந்துகொண்டிருந்தது. கண்ணுக்கு முன்னால் குனிவதாகத் தோன்றியது. எட்டு மாதம். ஒவ்வொரு மயிராக.

அக்கா கொல்வதென்றால் கொல்லட்டும் என்று அப்பாவுக்கு அடித்தேன்.

"அப்பா, ஏசியை அணைக்காதீங்க. உள்ள அக்கா செஞ்ச மெழுகு பொம்மை இருக்கு. உருகுது. நாங்க நேர்காணலுக்குப் போகல, மெடிக்கல் காலேஜ்ல இருக்கோம். மாடியில அவ படிக்கல, இதைத்தான் செஞ்சா, எட்டு மாசமா. இதை ஒருத்தர் பாத்து நல்லா இருக்குன்னு சொன்னா அதையே வேலையா வச்சுப்பா. இல்லன்னா நீங்க சொன்ன வேலைக்குப் போவா. திட்டறதை அப்புறம் திட்டுங்க, இப்ப அந்த ஃபேன் படத்தைத் தொடாதீங்க."

மூச்சு வாங்க நிறுத்தினேன்.  அந்தப் பக்கம் ஈசிசேர் கிறீச்சிட்டது.

"ரீடிங் சொல்லு."

"இருபத்தி நாலு."

"உள்ள?"

"முப்பத்தெட்டு."

"ஆறிக் கெடக்கறதை ஆறவே வச்சிருக்கறதுக்குச் செலவு கம்மி. கொதிச்சதை இறக்கறதுக்குத்தான் இழுக்கும். அணைச்சு அணைச்சுப் போட்டதுலயே பாதி போயிருக்கு, மடையா."

"அணைச்சது நீங்கப்பா."

"அது வேற விஷயம். எத்தனை மணி நேரம் ஓட்டணும்?"

"தெரியல. ஒரு மணி நேரம் இருக்கலாம்."

"அப்ப கேளு. முதல்ல ஒரு கதவை மட்டும் திற. வெளியதான் இன்னும் சூடு, ஒரு நிமிஷத்துல மூடிடு. அந்த... அதையெல்லாம் சீட்டுலேருந்து எடுத்துக் கீழ தரையில வை, கீழதான் சூடு கம்மி. முன்னாடி பின்னாடி கண்ணாடி மேல துணியைப் போர்த்து. வெளிப்பக்கமா போர்த்து, உள்பக்கமா இல்ல. அப்புறம் ஏசி. பதினெட்டுல வைக்காத. இருபத்தியாறுல வை. அது மெழுகுக்குப் போதும்ல?"

"போதும்ப்பா."

"உனக்கில்லல்ல?"

"நான் வெளியிலதான் நிக்கறேன்."

"நில்லு."

துணிக்கு எங்கே போவது என்று திரும்பினேன். வாட்ச்மேன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். எழுந்து போய், சலவைக்குப் போக இருந்த பச்சைப் போர்வைகள் நாலைக் கொண்டுவந்தார். "முகத்தை நான் தூக்கல தம்பி, நீயே தூக்கு" என்று மட்டும் நிபந்தனை போட்டார். முகத்தை நான் தூக்கினேன். பாதத்தை அவர் தூக்கினார். தூக்கும்போது பாதத்திடம் தாழ்ந்த குரலில் மன்னிப்புக் கேட்டார்.

ஏசி ஓடியது. முப்பத்தாறு. முப்பத்துமூன்று. இருபத்தொன்பது. இந்த முறை யாரும் அணைக்கவில்லை. பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை அப்பா அடித்து ரீடிங் கேட்டார். சொன்னதும் வைத்துவிடுவார். மூன்றாம் தடவை மட்டும் உடனே வைக்கவில்லை.

"எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லாத."

"ஏம்ப்பா?"

"அவ வாயால சொல்லட்டும். இத்தனை நாள் மறைச்சதை அவதான இறக்கி வைக்கணும்? நடுவுல நீ எதுக்கு ரீடிங் எடுக்கற?"

"அந்த ஃப்ரெண்டு...?"

"அவனுக்கு அப்பவே ஃபோன் பண்ணிட்டேன். வயித்து வலின்னு சொன்னேன்." குரலைத் தாழ்த்தினார். "எனக்குத்தான் வயித்து வலி, எப்ப சரியாகும்னு தெரியல, அவ கூடவே இருக்கான்னு சொன்னேன். அவளுக்குன்னு சொன்னா நாளைக்கே வரச் சொல்லுவான்."

ஒன்று இருபதுக்கு அக்கா மாடி ஜன்னலிலிருந்து கையை ஆட்டினாள். இருபத்தோரு சதவீதம். நோயாளியைத் தள்ளுகிற தள்ளுவண்டி ஒன்றை வாட்ச்மேன் எங்கிருந்தோ உருட்டி வந்தார். ஆறையும் அதில் வைத்து, வெயில் படாமல் போர்வையால் மூடி, லிஃப்டை நோக்கி ஓடினோம். முழுக்க மூடிய போர்வையைப் பார்த்ததும் கூட்டம் தானாக விலகி வழிவிட்டது. ஒருவர் தொப்பியைக்கூடக் கழற்றினார். விளக்கம் சொல்ல நேரமில்லை.

தோல் டாக்டர் குள்ளமாக, தூக்கமில்லாத கண்களோடு இருந்தார். அவர் முன்னால் போர்வையை எடுத்ததும் அக்கா சுண்டுவிரலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். அங்கே ஒரு ஃபேன் ஓடாமல் நின்றது.

டாக்டர் முகத்தைத் தூக்கிப் பார்த்தார், காதைப் பார்த்தார், முதுகின் மேல் விரலை ஓட்டினார். கையுறை போட்டுக்கொண்டு ஓட்டினார், பழக்கதோஷம். கடைசியில் வலது கை.

"சிரங்கு சரியா இருக்கு. இந்த விரலுக்கு என்ன நோய்?"

அக்கா நிமிர்ந்தாள். "வெயில் சார். கார்ல வச்சிருந்தோம்."

அவர் சிரிக்கவில்லை. விரலை இன்னும் சிறிது நேரம் பார்த்தார். "அஞ்சு இங்க இருக்கட்டும். கையைத் திரும்பச் செய்யுங்க, பத்து நாள்ல கொண்டாங்க. அப்புறம் மத்ததைப் பேசுவோம்."

"அறுபதா சார்?"

"முதல்ல கை."

கீழே வந்தோம். அக்கா காரில் ஏறி, பச்சைப் போர்வையில் சுற்றிய கையைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டாள். சாவியைக் கொடுத்தாள். வீடு முப்பது கிலோமீட்டர், இருபது சதவீதம். ஏசி போடாமல் போனால் போய்ச் சேரலாம். நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டு ஓட்டினேன். அடுப்பு வாயில் ஊதுவது போல முகத்தில் காற்று அடித்தது.

"முழுசா சரின்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல" என்றாள் கொஞ்ச தூரம் போனதும். "இதை வச்சுக்கிட்டு அப்பாகிட்ட என்னத்தைடா சொல்றது?"

"பத்து நாள் கழிச்சு சொல்லேன்."

"பத்து நாள் இன்னொரு பொய்யா? நேர்காணல்ல என்ன கேட்டாங்கன்னு வாசல்லயே நின்னு கேப்பாருடா. நான் என்ன சொல்லுவேன்?"

நகத்தைக் கடித்தாள். மொபைலை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். வியர்வை அவள் காதோரம் ஓடி மடியில் இருந்த போர்வையில் சொட்டியது. பிறகு, பல் டாக்டர் முன்னால் வாயைத் திறப்பது போல, சட்டென்று எண்ணை அழுத்தினாள். காற்றிரைச்சலில் கேட்பதற்காக ஸ்பீக்கரில் போட்டாள்.

"அப்பா, நான் இன்டர்வியூவுக்குப் போகல. வேணும்னேதான் போகல. மெடிக்கல் காலேஜுக்குப் போனேன்."

"அப்படியா?" என்றார் அப்பா. முப்பத்தைந்து வருடத்தில் எத்தனையோ வீட்டுக் கதைகளை வாசலில் நின்று முதல் தடவையாகக் கேட்பது போலக் கேட்ட குரல்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மாடி அறை, ஊசி, மயிர், அக்கி, படை. டாக்டர் எடுத்துக்கொண்ட ஐந்து, திருப்பித் தந்த கை. அறுபது கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம் என்பதையும் சொன்னாள். இடையிடையே அப்பா "ம்" என்றார். "ஓ" என்றார். ஒரு இடத்தில் "அடடே" என்றுகூடச் சொன்னார். அது கொஞ்சம் அதிகம் என்று எனக்குத் தோன்றியது. நான் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, சாலையில் கவனமாக இருப்பவன் போல இருந்தேன்.

சொல்லி முடித்ததும் அக்கா கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள்.

"மெழுகா?" என்றார் அப்பா, நிஜமாகவே கவலைப்படுகிறவர் போல. "ஏம்மா, இந்த வெயிலுக்கு அது உருகிடாதா?"