கேட்டு வாங்கிய பாட்டு

அருப்புக்கோட்டையில் சௌந்தரபாண்டியனின் மெத்தைக் கடைக்குப் பின்னால் நீளமாக ஒரு குடோன் உண்டு. தரையிலிருந்து கூரை வரைக்கும் மெத்தையும் தலையணையும் அடுக்கியிருக்கும். உள்ளே நின்று ஒருவர் இருமினால்கூட அந்தச் சத்தம் எங்கேயும் மோதித் திரும்பாமல் பஞ்சுக்குள் அமுங்கிப்போகும். அந்த வீட்டு மருமகள் தங்கச்செல்வி பாடுவதற்குப் பிடித்த இடம் அதுதான்.

அவள் பிறந்தது பந்தல்குடி. அப்பா தூத்துக்குடி ரோட்டோரத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். லாரிக்காரர்கள் நிறுத்திச் சாப்பிடுகிற இடம் என்பதால் நாள் முழுக்க ரேடியோ பாடிக்கொண்டே இருக்கும். யாரிடமும் உட்கார்ந்து பாட்டுப் படித்தவள் இல்லை. ஒரு பாட்டு ரெண்டு தடவை காதில் விழுந்துவிட்டால் போதும், அதன் வளைவு நெளிவெல்லாம் அவள் தொண்டைக்கு வந்துவிடும். கல்யாணமாகி வந்தபிறகு அடுப்படியில் முணுமுணுப்பதோடு சரி.

ஒருநாள் குடோனில் தலையணை உறைகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டே தன்னை மறந்து பாடிக்கொண்டிருந்தாள். அவள் கணவன் அசோக்கின் தங்கை பிருந்தா ஏதோ பில்லைத் தேடி அங்கே வந்தவள், வந்த வேலையை விட்டுவிட்டு வாசலிலேயே நின்றாள். பிருந்தா டவுனில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறவள். சட்டென்று எதற்கும் வாய் பிளக்கிற ஆள் இல்லை.

"மதினி, இதை யூடியூப்ல போடுவமா?" என்றாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. பிருந்தா இணையத்தில் தேடி, குரல் இல்லாமல் இசை மட்டும் இருக்கிற கரோக்கி ட்ராக்குகளை இறக்கித் தருவாள். தங்கச்செல்வி அதைக் காதில் மாட்டிக்கொண்டு பாடுவாள். பிருந்தா ரெண்டையும் சேர்த்துப் போடுவாள். ஒரே ஒரு இடைஞ்சல், பக்கத்துத் தெரு விசைத்தறிகள். பஞ்சுச் சுவரையும் தாண்டி அந்தக் கடகடப்பு உள்ளே வந்துவிடும். அதனால் மின்வாரியம் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்துகிற நாள்தான் இவர்களுக்குப் பாட்டு நாள். ஊரே விசிறியும் கையுமாகப் புழுங்கிக்கொண்டிருக்க, இவள் குடோனுக்குள் வேர்த்து ஊற்றப் பாடிக்கொண்டிருப்பாள்.

பல பாட்டுகளைப் பத்துப்பேர் கேட்டார்கள், இருபதுபேர் கேட்டார்கள். ஒரு பாட்டு மட்டும் எங்கெங்கோ போனது. அது ஓடாத ஒரு பழைய படத்தின் பாட்டு. காய்ந்த கண்மாய்க் கரையில் ஒருத்தி மழையைப் பார்த்து நிற்கிறாள், அவ்வளவுதான் பாட்டு. படத்தில் பாடியவர் அழுகையோடு பாடியிருந்தார். தங்கச்செல்வி அழவில்லை. வந்துதான் ஆகணும் என்று மழையிடம் உரிமையோடு கேட்கிற மாதிரிப் பாடினாள். மழையை மட்டும் நம்பிய மானாவாரிக் காட்டைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அப்படித்தான் பாட வந்தது. துபாயிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் ஆட்கள் எழுதினார்கள். காரியாபட்டியிலிருந்து மெத்தை வாங்க வந்த ஒரு அம்மா, விலையைக்கூடக் கேட்காமல், "அந்த மழைப் பாட்டு பாடுனது நீதானம்மா?" என்று கையைப் பிடித்துக்கொண்டது. கல்லாவில் இருந்த மாமனார் சௌந்தரபாண்டியன் கணக்கு நோட்டிலிருந்து தலையை நிமிர்த்திப் பார்த்தார். அந்த அம்மாவுக்குத் தலையணை ஒன்று சும்மா போனது.

பிறகு ஒரு காலையில் அந்தப் பாட்டைக் காணவில்லை. பாட்டு இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு கட்டமும், உரிமையாளர் புகாரின் பேரில் நீக்கப்பட்டது என்று ஒரு வரியும் இருந்தன. இன்னும் இப்படிப் புகார் வந்தால் சேனலையே எடுத்துவிடுவோம் என்று தனியாக ஒரு எச்சரிக்கையும் வந்திருந்தது.

நல்ல சேதி மெதுவாக நடந்த ஊரில் இது ஓடியது. ஒரு கல்யாண வீட்டில் சொந்தக்காரர் ஒருவர், "என்ன சௌந்தரம், உன் மருமக திருட்டுப் பாட்டு பாடி மாட்டிக்கிட்டாளாம்ல?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டார். மாமனார் பந்தியில் பாதியிலேயே எழுந்து வந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து அவர் சத்தம் போடவில்லை. சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு உட்கார்ந்தார்.

"ஏம்மா செல்வி, அடுத்தவுக சரக்கை எடுத்துட்டமா நம்ம?"

"தெரியலை மாமா" என்றாள் தங்கச்செல்வி. அதைச் சொல்லத்தான் அவளுக்கு அவமானமாக இருந்தது. எடுத்தோம் என்றோ எடுக்கவில்லை என்றோ சொல்லத் தெரிந்திருந்தால்கூடத் தேவலை. அன்றிலிருந்து அடுப்படியிலும் அவள் குரல் கேட்கவில்லை. அசோக் ஒருநாள், "சரி விடு செல்வி, ஊரு உலகத்துல எல்லாருந்தான் பாடிப் போடுதாக" என்று சமாதானம் சொன்னான். அவளுக்கு அது ஆறுதலாக இல்லை. எல்லாரும் செய்வது சரியா தப்பா என்பதுதானே அவளுக்குத் தெரியவேண்டியிருந்தது.

பிருந்தாவிடம் போய் உட்கார்ந்தாள். "யாரு புகார் குடுத்தது? எதுக்குக் குடுத்தாக? எனக்கு விவரமாச் சொல்லு."

பிருந்தா ஒரு வாரமாக அதைத்தான் தோண்டிக்கொண்டிருந்தாள். பாட்டுக்குச் சொந்தக்காரர்கள் புகார் கொடுக்கவே இல்லை. பாட்டின் வரியும் மெட்டும் சென்னையில் ஒரு இசைக் கம்பெனியிடம் இருக்கிறது. வீட்டில் பாடிப் போடுகிறவர்களை அவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள், விளம்பர வருமானம் மட்டும் அவர்களுக்குப் போய்விடும். புகார் கொடுத்தவர் வேறு ஆள். கோயம்புத்தூரில் ஒரு சின்ன ஸ்டுடியோக்காரர். அந்தக் கரோக்கி ட்ராக்கை உட்கார்ந்து வாசித்துச் செய்தவர் அவர். விற்பதற்காக வைத்திருந்ததை யாரோ இலவசமாக ஏற்றிவிட, அதை பிருந்தா இறக்கியிருக்கிறாள்.

"அப்போ பாட்டு ஒருத்தருது, அந்த வாசிப்பு ஒருத்தருது" என்றாள் தங்கச்செல்வி.

"ஆமா மதினி. நீங்க பாடி ரெக்கார்டு பண்றது மூணாவது. அது உங்களுது. தப்பு எம்மேலதான், சும்மா கிடக்குதேன்னு இறக்கிட்டேன்."

"இதுல உன் தப்பு என் தப்புன்னு என்ன இருக்கு. கம்பெனி மெத்தைய விக்கிறதுக்கு முன்னாடி மாமா டீலர்ஷிப் வாங்கித்தான போர்டு மாட்டுனாக? அதே மாதிரிதான இது. கேட்டு வாங்கிப் பாடுவம். இனி கேக்காம ஒண்ணும் போடுறதுக்கில்லை."

முதலில் கோயம்புத்தூர்க்காரருக்கு அவளே போன் போட்டாள். பிருந்தா எழுதிக் கொடுத்ததைப் படிக்கவில்லை. "உங்க வாசிப்பை உங்கள்ட்டக் கேக்காம எடுத்துட்டோம். தெரியாமத்தான் எடுத்தோம், ஆனா எடுத்தது எடுத்ததுதான். மன்னிச்சுக்கோங்க. அதை இனிப் போட மாட்டோம்" என்றாள். எத்தனையோ பேர் மீது புகார் கொடுத்திருக்கிறேன், திட்டத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள், இப்படி யாரும் கூப்பிட்டதில்லை என்றார் அவர். புகாரை அன்றைக்கே திரும்பப் பெற்றுக்கொண்டார். "குரல் நல்லாருக்கும்மா. சொந்தமா மியூசிக் போட்டுப் பாடுங்க" என்றும் சொன்னார்.

சொந்தமாக இசை போட ஆள் வேண்டுமே. மல்லாங்கிணற்றில் கோட்டைச்சாமி என்று ஒருவர் இருக்கிறார். சுற்றுவட்டாரப் பொங்கல் கச்சேரிகளில் கீபோர்டு வாசிப்பவர். அசோக்தான் போய்ப் பேசி அழைத்துவந்தான். குடோனைப் பார்த்ததும் கோட்டைச்சாமி கையைத் தட்டிப் பார்த்தார். எதிரொலி இல்லை. "இதுக்காக மெட்ராஸ்ல தனியா ரூம் கட்டுதாக" என்று மெத்தைகளைத் தடவிக்கொடுத்தார்.

அவருக்கும் தங்கச்செல்விக்கும் முதல்நாளே முட்டிக்கொண்டது. படத்தில் இருந்த மாதிரியே வயலின் கூட்டமெல்லாம் கீபோர்டில் கொண்டுவந்துவிடலாம் என்றார் அவர். இவள் வேண்டாம் என்றாள். "அண்ணே, அதைக் கேக்கணும்னா அதையே கேட்டுக்கிடுவாக. நீங்க கொஞ்சமா வாசிங்க. வெறுங்காடு மாதிரி இருக்கணும்." அவர் முகம் சுருங்கியது. ஆனாலும் வாசித்துப் பார்த்தார். ஒரு கையால் மட்டும், இடைவெளி விட்டுவிட்டு. வாசித்து முடித்தபின், "சரிதான்" என்று மட்டும் சொன்னார்.

கரண்டு நிறுத்துகிற நாள் வந்தது. தறிகள் ஒவ்வொன்றாக அடங்கின. கடை இன்வர்ட்டரிலிருந்து கீபோர்டுக்கு ஒயர் இழுத்தார்கள். தங்கச்செல்வி பாடினாள். இத்தனை நாள் பாடாமல் இருந்தது குரலைக் கெடுத்துவிட்டிருக்கும் என்று பயந்துகொண்டிருந்தாள். கெடுக்கவில்லை, இன்னும் கெட்டிப்படுத்தியிருந்தது. மழையைக் கூப்பிடுகிற இடத்தில் பிருந்தா சேலைத்தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள், சத்தம் வந்துவிடக்கூடாதே என்று.

பாடியதை அப்படியே யூடியூப்பில் போட்டால் கம்பெனி கண்டுகொள்ளாதுதான். ஆனால் கேட்காமல் போடுவதில்லை என்று சொல்லியிருந்தாள், அதோடு பாட்டு ஆப்களிலும் அதை ஏற்றவேண்டும், அதில் தன் பேர் இருக்கவேண்டும் என்று அவளுக்கு ஆசை வந்திருந்தது. அதற்கு இசைக் கம்பெனியின் எழுத்துபூர்வமான அனுமதி வேண்டும். பிருந்தா கம்பெனிக்கு மெயில் போட்டாள். பதில் இல்லை. மறுபடியும் போட்டாள். ஆபீஸ் விட்டு வந்ததும் தினம் ஒரு நம்பருக்குப் பேசினாள். ஒரு வழியாக ரேணுகாதேவி என்று ஒரு அதிகாரி பிடிபட்டார். பாடியதை அனுப்பச் சொன்னார், கேட்டார், ஒப்பந்தம் அனுப்பினார். கேட்ட கட்டணமும் தாங்குகிற அளவில்தான் இருந்தது.

பிருந்தா அதைக் கடையில் உட்கார்ந்து வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். ஒரு இடத்தில் நின்றாள்.

"மதினி, இங்க பாருங்க. நீங்க பாடி ரெக்கார்டு பண்ணதும் காலத்துக்கும் அவுகளுக்கே சொந்தம்னு போட்டுருக்கு. அவுக அதை விளம்பரத்துக்குக் குடுக்கலாம், எதுக்கும் குடுக்கலாம். நம்மளைக் கேக்க வேண்டியதில்லை."

அசோக், "பரவால்ல, போடட்டுமே. பேரு வருதுல்ல" என்றான். கையெழுத்துப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. போடாவிட்டால் இவ்வளவு நாள் அலைந்ததும் வீண். தங்கச்செல்வி அந்த வரியை இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேடம், நான் அருப்புக்கோட்டை தங்கச்செல்வி பேசுறேன். பாட்டு உங்களுது. அதை உங்கள்ட்டக் கேட்டு வாங்கிப் பாடணும்னுதான் வந்தேன். ஆனா எங்க குடோன்ல நின்னு நான் பாடுனதையும் உங்க பேருக்கு எழுதிக் கேக்குறீக. அதை நான் தர்றதுக்கில்லை."

"இது எல்லாருக்கும் அனுப்பற ஸ்டாண்டர்டு அக்ரிமென்ட் மேடம். யாரும் இதைக் கேட்டதில்லையே" என்றார் ரேணுகாதேவி.

"நான் கேக்குறேன். அந்த வரியை எடுத்துட்டு அனுப்புங்க, கையெழுத்துப் போட்டுத் தாரேன். எடுக்க முடியாதுன்னா சொல்லிருங்க, நான் வெளியில போடலை. வருத்தமில்லை."

மேலே பேசிப் பார்க்கிறேன் என்று ரேணுகாதேவி போனை வைத்துவிட்டார். காரியத்தைக் கெடுத்துவிட்டோமோ என்று தங்கச்செல்வி நினைத்த நேரத்தில் மாமனார் கல்லாவிலிருந்து எழுந்து, தான் குடிக்க வைத்திருந்த டீயை அவள் முன்னால் வைத்துவிட்டுப் போனார். மருமகளுக்கு அவர் இதுவரை ஒரு தம்ளர் தண்ணீர்கூட எடுத்துக் கொடுத்ததில்லை.

நாட்கள் போயின. வராது என்று அசோக் முடிவே கட்டிவிட்டான். தங்கச்செல்வி மட்டும் தினம் காலையில் குடோனைக் கூட்டும்போது பாடிக்கொண்டே கூட்டினாள். வந்தாலும் வராவிட்டாலும் பாட்டு தொண்டையில் இருக்கிறது என்கிற தெம்பு அவளுக்கு வந்திருந்தது.

புது ஒப்பந்தம் ஒரு மத்தியானம் வந்தது. அந்த வரி இல்லை. அதற்குப் பதிலாக, இந்த ஒலிப்பதிவு பாடியவருக்கே உரியது என்று ஒரு வரி சேர்த்திருந்தார்கள். கூடவே ரேணுகாதேவி தனியாக நாலு வரி எழுதியிருந்தார். பாட்டை ஆபீஸில் எல்லாரும் கேட்டதாகவும், தன் அம்மாவுக்கும் போட்டுக் காட்டியதாகவும் அதில் இருந்தது. தங்கச்செல்வி முழுப்பேரும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். யார் மகள் என்பதும் தெரியட்டும் என்று அப்பா பேரின் முதலெழுத்தையும் சேர்த்துக்கொண்டாள்.

பாட்டு வெளியான அன்று சௌந்தரபாண்டியன் கடைக்குப் பெரிய ஸ்பீக்கர் ஒன்று வாங்கிவந்தார். மெத்தை பார்க்க வந்தவர்கள், வழி கேட்க வந்தவர்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் கேட்டாகவேண்டியதாயிற்று. பாட்டெழுதியவர் பேர், மெட்டமைத்தவர் பேர், வாசித்த கோட்டைச்சாமி பேர், பாடிய மருமகள் பேர் என்று போனில் வந்த வரிசையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் படித்துக் காட்டினார். கல்யாண வீட்டில் சிரித்த சொந்தக்காரரும் ஒருநாள் அந்தப் பக்கம் வந்தார். அவரை உட்காரவைத்து முழுப் பாட்டையும் கேட்கவைத்தார்.

"முறையாக் கேட்டு வாங்கிப் பாடுனது. அவுக போட்ட கண்டிசனையே மாத்தவச்சுட்டா எங்க செல்வி" என்றார். வந்தவர் டீயைக் குடித்துவிட்டு, "நல்லாத்தான் பாடுது" என்று எழுந்துபோனார். உள்ளே உறைக்கு நாடா கோத்துக்கொண்டிருந்த தங்கச்செல்விக்கு இரண்டும் கேட்டது. தலையை நிமிர்த்தாமல் வேலையைப் பார்த்தாள், ஆனால் ஊசி ஒரு நிமிஷம் நகரவில்லை.

சில வாரம் கழித்து திருச்சுழியிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். பேர் உக்கிரபாண்டி, கல்யாண வீடியோ எடுக்கிறவர்.

"அக்கா, ஒரு கல்யாண வீடியோவுக்கு உங்க மழைப் பாட்டைப் பின்னால போடணும்னு பொண்ணு ஆசப்படுது. சும்மா எடுத்துப் போட்டுக்கிடலாம்தான். இருந்தாலும் உங்கள்ட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணுச்சு."

தங்கச்செல்வி இருப்புக்கொள்ளாமல் எழுந்து குடோனுக்குள் போனாள். பாட்டுக்குச் சென்னையில் யாரிடம் கேட்கவேண்டும் என்று நம்பரைச் சொன்னாள். ரேணுகாதேவியிடம் தன் பேரைச் சொல்லச் சொன்னாள். "நான் பாடுனதுக்கு என் சம்மதம் வேணும்ல, அதை எழுதியே அனுப்புறேன் தம்பி. கல்யாணம் என்னைக்கு?"

"ஆவணில அக்கா."

"பொண்ணு பேரென்ன?"

அவர் சொன்னார். தங்கச்செல்வி பிருந்தாவைக் கூப்பிட்டுச் சம்மதக் கடிதம் எழுதச் சொன்னாள், பெண்ணின் பேரைத் தப்பில்லாமல் போடச் சொல்லி.