மாரீஸ்வரிக்கு வந்த களை

கொழுந்தன் கட்டிக்கொண்டு வந்த உமாதேவியைப் பார்த்த அன்றே மாரீஸ்வரிக்கு வயிறு எரிந்தது. அந்தக் கன்னம் ரெண்டும் பார்க்கிறவர்களைக் கிள்ளச் சொல்லும்! "இப்பத்தான் வீடே நெறஞ்சிருக்குத்தா" என்று மாமியார் மொக்கம்மாள் பூரித்தாள். கல்யாணமாகி நாலு வருஷமாகியும் பிள்ளையும் இல்லாமல் சதையும் இல்லாமல் நிற்கிறவளுக்கு அதைக் கேட்க எப்படி இருக்கும்? மறுவாரமே தேனி பஜாரில் ஒரு மருந்துக்கடையில் உடம்பு ஏறும் மாத்திரை வாங்கி, யாருக்கும் தெரியாமல் விழுங்கத் தொடங்கினாள்.

ஏறத்தான் செய்தது. கொஞ்ச மாதத்தில் முகம் உருண்டது, வயிறு மேடிட்டது, மாதவிலக்கும் நின்றது. மொக்கம்மாள் விடுவாளா? "மூத்தவளுக்கு நாள் தள்ளிருச்சு! மொகத்துல களையப் பாருங்கடி" என்று பண்ணைப்புரம் முழுக்கச் சொல்லிவிட்டாள். இத்தனை வருஷமும் கர்ப்பச் சோதனை அட்டையில் ஒற்றைக் கோட்டைப் பார்த்துப் பார்த்து அழுத மாரீஸ்வரி, இந்த முறை சோதிக்கவே பயந்தாள். உமாதேவி அந்த வயிற்றை ஏக்கமாகப் பார்த்த பார்வை இருக்கிறதே, அடேயப்பா, என்ன சுகம்! பாருடி, நல்லாப் பாரு என்று மனசுக்குள் கொக்கரித்தாள்.

தேனிக்கு ஸ்கேன் எடுக்கத் துணைக்கு வந்தவளும் உமாதேவிதான். அவளை வெளியே உட்கார வைத்துவிட்டு இவள் உள்ளே போனாள்.

"கர்ப்பப்பையில ஒண்ணும் இல்லம்மா" என்றார் டாக்டர் ஞானசெல்வி. "ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?"

மாரீஸ்வரி கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினாள்.

"இது ஸ்டீராய்டு. இதச் சாப்பிட்டா உடம்புல கார்டிசால்ங்கிற ஹார்மோன் அளவுக்கு மீறிப் போன மாதிரித்தான். அது கூடுனா, கருமுட்டைய வளர்க்கச் சொல்லி மூளையிலருந்து வர்ற ஹார்மோன் குறைஞ்சுரும். முட்டை வெளிய வராது, மாதவிலக்கு நின்னுரும். இந்த முகமும் வயிறும்கூட அது செஞ்ச வேலைதான். திடீர்னு நிறுத்திராதீங்க, ஆபத்து. நான் கொஞ்சங்கொஞ்சமாக் குறைச்சு விடுறேன். திரும்பச் சரியாக வாய்ப்பிருக்கு."

அந்த உமாதேவி அழகைப் பார்த்து வெந்து விழுங்கினேனே பாவி, அதுவே என் பிள்ளைக்கு எமனாச்சே! மாரீஸ்வரி மாத்திரையைக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டு எழுந்தாள்.

வெளியே வந்ததும் உமாதேவி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லாருக்குன்னு சொன்னாகளாக்கா? மொதல்ல உங்க சேதி வரட்டும்னுதான் மூடி வச்சிருந்தேன். எனக்கும் நாள் தள்ளிருச்சுக்கா. அத்தைகிட்டக்கூட இன்னும் சொல்லல."

வாழ்த்த வேண்டிய வாய் வேறொன்றைக் கேட்டது. "நீ ஏதாச்சும் மாத்திரை சாப்புடுறியாடி?"

எதற்குக் கேட்கிறாள் என்று உமாதேவி யோசிப்பதற்குள், அவள் ஆமாம் என்று சொல்லிவிட வேண்டும் என்று, நின்ற இடத்திலேயே வீரபாண்டி கௌமாரியம்மனுக்குத் தீச்சட்டி நேர்ந்துகொண்டாள் மாரீஸ்வரி.