இரண்டாம் பிரதிவாதியின் கடல்

டைப் அடித்து வந்த முதல் சமரச ஒப்பந்தத்தில் கடல், ‘கடன்’ ஆகியிருந்தது. ‘கடன் என்று குடும்பத்தாரால் அழைக்கப்படும் அறை இரண்டாம் பிரதிவாதிக்குச் சேரும்’ என்று வாசித்த வக்கீல், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் வாசித்தார். எதிரே உட்கார்ந்திருந்த தையல்காரி மெதுவாகத் திருத்தினாள்.

“கடன் இல்ல சார். கடல்.”

வக்கீலுக்கு முன்னதே தேவலை என்று பட்டது. வீட்டுக்குள் கடன் இருப்பது ஊர் உலகத்தில் நடப்பதுதான். வீட்டுக்குள் கடலை வைத்திருக்கிறவர்களை அவர் கேள்விப்பட்டதில்லை. ஆனால் மூன்று பேருக்கும் புரிகிற சொல் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று எழுத்தை மாற்றச் சொல்லிவிட்டு, அடுத்த கட்டைப் பிரித்தார்.

மூன்று பேர் என்பது அண்ணன், அவள், தம்பி. அண்ணன் மருந்துக்கடைக்காரர். தம்பி ஏசி மெக்கானிக். அப்பா உயில் எழுதாமல் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தச் சூடு ஆறுவதற்குள், தெருவைப் பார்த்த முன்னறையில் மருந்துக்கடை வைப்பதற்காக, அலமாரிக்கு அளவெடுக்க அண்ணன் ஆளைக் கூட்டி வந்தார். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தம்பி தலையாட்டியிருப்பான். கேட்காததால் கோர்ட்டுக்குப் போனான். அன்றிலிருந்து தம்பி வாதி, அண்ணன் ஒன்றாம் பிரதிவாதி, யார் வம்புக்கும் போகாத அவள் இரண்டாம் பிரதிவாதி. பேச்சுவார்த்தை எல்லாம் வக்கீல் நோட்டீசில்தான். கூடப் பிறந்தவனுக்கு ‘தாங்கள்’ போட்டு எழுதுகிற கொடுமையை என்னவென்று சொல்வது.

அவள் மட்டும் அந்த வீட்டிலேயே இருந்தாள். கல்யாணம், காட்சி என்று எதுவும் அமையவில்லை. பின்னறையில் தையல் மெஷின், சுவரோரம் கட்டில், கொடியில் அடுத்தவர்களின் சட்டைகள். வீடு ஏலத்துக்குப் போனால் இந்த வயதில் மெஷினைத் தூக்கிக்கொண்டு எந்தத் தெருவில் வாடகைக்கு அலைவது என்ற பயம்தான் அவளுக்கு. பெட்டியைக் கட்டுவது போலவே அடிக்கடி கனவு வந்தது. கனவில் பெட்டி நிறையாது. எதைப் போட்டாலும் ஈரமாக இருக்கும்.

அதனால்தான் சமரச மையத்தில், “உங்களுக்கு என்னம்மா வேணும்?” என்று கேட்டபோது, பெரிதாக ஆசைப்படாமல், “கடல் போதும்” என்றாள். அண்ணன் கொஞ்ச நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “குடுத்துடலாம்” என்றார். தம்பி கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினான், பிறகு சரி என்றான். ஏசி அவனுக்கே ஒத்துக்கொள்ளவில்லை போல என்று அவள் நினைத்தாள். மீதி வீட்டைக் கோர்ட் கமிஷனர் அளந்து, அண்ணனுக்கும் தம்பிக்கும் சீட்டுக் குலுக்கிப் பிரித்துக்கொடுப்பது, அளக்க முடியாவிட்டால் ஏலம் என்று முடிவானது.

கமிஷனர் என்றதும் தொப்பி, லத்தி என்று கற்பனை செய்ய வேண்டாம். கோர்ட் அனுப்பிய இளம் பெண் வக்கீல்தான்; புதுச் செருப்பு காலைக் கடித்ததால் நொண்டியபடியே வந்தாள். கூடவே டேப்பும் வரைபடமுமாக ஒரு சர்வேயர். வீடு ஒன்றும் சிக்கலானதல்ல. நடுவில் கூரையில்லாத முற்றம், முற்றத்தில் சிமெண்டுத் தொட்டி, அதைச் சுற்றி முன்னறை, நடு அறை, பின்னறை. சர்வேயர் முற்றத்தின் குறுக்கே இரண்டு கோடுகள் இழுத்து, இங்கே சுவர் வரும் என்று பென்சிலால் தட்டிக் காட்டினார்.

“கடல்னு போட்டிருக்கே, அது எதும்மா?” என்று கமிஷனர் கேட்டாள்.

மூன்று கைகள் ஒன்றாக நீண்டன. அண்ணன் கை முன்னறையைக் காட்டியது. தம்பி கை நடு அறையை. தையல்காரியின் கை பின்னறையை. நீட்டிய கைகளை மடக்கவும் தோன்றாமல் மூன்று பேரும் நின்றார்கள்.

கமிஷனர் பாவம், முதலில் சிரித்துவிட்டாள். பிறகு, எந்த அறை என்று தெரியாமல் அளக்க முடியாது, அப்படியே எழுதினால் ஒப்பந்தம் படுத்துவிடும், வீடு ஏலத்துக்குத்தான் போகும் என்று வருத்தத்தோடு சொன்னாள். அண்ணன், தனக்கு ஞாபகம் பிசகவே பிசகாது என்றார். தம்பி, மூத்தவர் சொன்னால் வேதமா என்றான். தையல்காரிக்குக் கனவில் வந்த பெட்டி கண்முன் திறந்துகொண்டது. என்ன செய்கிறோம் என்று யோசிக்காமலேயே போய் மோட்டார் சுவிட்சைப் போட்டாள்.

“தொட்டி நிறையட்டும்மா. கொஞ்சம் இருங்க.”

தொட்டி காய்ந்து வருஷக்கணக்காகிறது. ஒற்றை ஆளுக்கு ஒரு வாளித் தண்ணீர் போதும் என்று அம்மா போன பிறகு அவள் அதை நிரப்புவதை விட்டிருந்தாள். இப்போது தண்ணீர் சிமெண்டில் விழும் சத்தம் வீடெங்கும் கேட்டது. கமிஷனர் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியில் உட்கார்ந்து, ஈரக் காற்றில் லேசாகக் கண்ணயர்ந்தாள். சர்வேயர் டேப்பைச் சுருட்டுவதும் இழுப்பதுமாக இருந்தார்.

காலை வெயில் பின்கூரையைத் தாண்டி இறங்கித் தண்ணீரைத் தொட்டது. தொட்ட மாத்திரத்தில் முன்னறைக் கூரையில் ஒளி நெளிய ஆரம்பித்தது. வலைவலையாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறிச் சரிந்து, விளிம்பில் உடைந்து, மறுபடி நடுவிலிருந்து பிறந்தது.

“கடல்,” என்றார் அண்ணன்.

கடலையே பார்த்திராத வயதில், பள்ளிப் புத்தகத்தில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பெயரை வைத்தவர் அவர்தான். விடியற்காலையில் எழுந்து முன்னறையில் படிக்கிற பிள்ளை அவர். பள்ளிக்குக் கிளம்பும் வரை கடல் அவருடையது. தம்பி கைக்குழந்தையிலிருந்து மதியத் தூக்கத்துக்காக அம்மாவோடு நடு அறையில் கிடந்தவன். அவளோ சாயங்காலம் வந்து பின்னறையில் சட்டைகளின் பொத்தான் துளைக்குக் காஜா எடுத்தவள். அவரவர் நேரத்துக்கு அவரவர் அறையில் வந்த கடலை அவரவர் பார்த்திருக்கிறார்கள். ‘கடல் வந்திடுச்சு’ என்று மூன்று பேரும் ஒரே சொல்லைத்தான் சொல்லி வளர்ந்தார்கள், அது வேறு வேறு இடம் என்பது தெரியாமலேயே. விடுமுறை நாளில் என்ன செய்தார்கள் என்று என்னைக் குடையாதீர்கள். பிள்ளைகள் தங்களுடையதைத்தான் பார்க்கும். அடுத்த அறையில் என்ன ஓடுகிறது என்று யாருக்குக் கவலை.

அண்ணன், முட்டி வலியைப் பொருட்படுத்தாமல் தரையில் மல்லாந்து படுத்தார். அவளும் பக்கத்தில் படுத்தாள். தம்பி வாசற்படியிலேயே நின்றான். கூரையில் அலைகள் போய்க்கொண்டிருந்தன. கீழே படுத்திருப்பவர்கள்தான் மிதக்கிறார்களோ என்று அவளுக்குத் தலை கிறுகிறுத்தது. அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. கடல் என்றால் முன்னறை என்று நம்பித்தான் அண்ணன் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

“அண்ணா, இதையா எனக்குக் குடுக்க ஒத்துக்கிட்டீங்க?”

“நீ அதைத்தானே பாப்பா கேட்ட.”

“கடை வைக்கணும்னு கோர்ட் வரைக்கும் போய் நின்னீங்களே.”

“நீ ஒண்ணு கேட்டு நான் பாத்ததே இல்லையே,” என்றார் கூரையைப் பார்த்தபடி.

தம்பி அதைக் கேட்டுக்கொண்டே நடு அறைக்குப் போய்விட்டான்.

உச்சி வேளைக்குள் ஒளி முன்னறைச் சுவரில் வழிந்து இறங்கி, முற்றத்தைக் கடந்து நடு அறைக்குள் புகுந்தது. தம்பி அங்கே ஒரு மூலையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தான். அம்மாவின் கட்டில் கிடந்த மூலை அது. அம்மா கடைசியாகக் கண்மூடியதும் அங்கேதான். அவன் தோளிலும் வழுக்கை விழ ஆரம்பித்த தலையிலும் அலை ஏறி இறங்கியது.

“இதைக் கேட்டேன்னு நினைச்சா கையெழுத்துப் போட்டே?” என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நீ கேட்டதால போட்டேன்க்கா. அண்ணன் கேட்டிருந்தா உசுரு போனாலும் போட்டிருக்க மாட்டேன்.”

வாசலில் நின்ற அண்ணன் இதைக் கேட்டு முதலில் முறைத்தார், பிறகு சிரித்துவிட்டார். தம்பிக்கும் சிரிப்பு வந்தது. அவளுக்கு மட்டும் அழுகை வந்தது. எல்லாரும் ஒதுக்கிவிடுகிற பின்னறையை அடக்கமாகக் கேட்டோம் என்று நினைத்திருந்தாள். இவர்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு உயிரையல்லவா பிடுங்கி, மறுபேச்சில்லாமல் அவள் கையில் வைத்திருக்கிறார்கள். முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அவள் அழுது தீர்த்தாள். தம்பி அவள் முதுகில் கை வைக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் தரையைத் தடவிக்கொண்டிருந்தான்.

கமிஷனர் விழித்துக்கொண்டு, முகத்தைக் கழுவி, பேனாவைத் திறந்தாள். வேலை வேலைதான். கையெழுத்தான ஒப்பந்தம்; தையல்காரி எந்த அறையைச் சொன்னாலும் அது அவளுடையது. முன்னறை என்று ஒரு வார்த்தை சொன்னால் தெருவைப் பார்த்த தையல் கடையே வைக்கலாம்.

“சொல்லுங்கம்மா. கடல் எது?”

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். சர்வேயரின் வரைபடத்தில் தொட்டியின் மேலேயே பென்சில் கோடு ஓடிக்கொண்டிருந்தது. சுவர் எழும்பினால் வெயிலுக்கு வழி கிடையாது. யார் பங்கிலும் கடல் இருக்காது.

“கடல்னா ரூம் இல்லம்மா. இந்தத் தொட்டி. இது இருக்கற முற்றம்.”

“அப்ப நீங்க படுக்கறது?”

அண்ணன்தான் பதில் சொன்னார். பின்னறை அவளுக்கு, நடு அறை தம்பிக்கு, முன்னறை தனக்கு, சீட்டும் வேண்டாம் குலுக்கலும் வேண்டாம் என்றார். ஒன்றாம் பிரதிவாதி சொன்னதற்கு வாதி ஆட்சேபம் சொல்லாதது இந்த வழக்கில் அதுதான் முதல் தடவை. கமிஷனர் எழுதினாள்: ‘கடல் என்று அழைக்கப்படுவது மேற்படி தொட்டியும் முற்றமுமாகும். அது இரண்டாம் பிரதிவாதிக்குச் சேரும். அதில் யாரும் சுவர் எழுப்பக் கூடாது.’ சர்வேயர் அழிரப்பரை எடுத்து இரண்டு கோடுகளையும் அழித்து, தூளை ஊதிவிட்டார்.

வீடு பிரிந்துவிட்டது. அதில் ஒன்றும் மாற்றமில்லை. அண்ணன், வேலை மாற்றலாகிப் போன மகனோடு வெகுதூரத்து ஊருக்குப் போய்விட்டார். மருந்துக்கடைக்கு எடுத்த அளவெல்லாம் அளவாகவே நின்றது. தம்பி வேலை வேலை என்று மொட்டைமாடிகளில் அலைகிறான். முன்னறைக்கும் நடு அறைக்கும் பூட்டு. சாவிகளை இருவரும் அவளிடமே கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

தையல்காரி விடிந்ததும் மோட்டாரைப் போடுகிறாள். ஒற்றை ஆளுக்கு எதற்கு இவ்வளவு தண்ணீர் என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள்; இவள் சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பூட்டைத் திறந்து, ஜன்னலைத் தள்ளி, ஆளில்லாத முன்னறையின் நடுவில் நின்று காத்திருக்கிறாள். போன் அடிக்கிறது.

“பாப்பா, வந்திடுச்சா?”

அவள் நிமிர்ந்து பார்க்கிறாள்.

“வந்திடுச்சு அண்ணா. இப்ப உங்க ரூம்லதான் இருக்கு.”

அந்தப் பக்கம் அண்ணன் போனை வைப்பதில்லை. அவளும் போனை வைப்பதில்லை. ஒளி சுவரில் இறங்கி வாசலைத் தாண்டும் வரை அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறாள். பிறகு தம்பியைக் கூப்பிடுகிறாள்.