சனிக்கிழமைச் சாமந்தி

அந்தக் குளிர்காலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த நூல்கோலைச் சொல்லி மாளாது. சாப்பிடுகிறவர்கள் இரண்டே பேர், நானும் என் தம்பியும். சனிக்கிழமை விடிந்தால் போதும், இரண்டு பைகளைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குக் கிளம்பிவிடுவான். திரும்பி வரும்போது ஒரு பட்டாளத்துக்குச் சமைக்கிற அளவு காய் இருக்கும். அதற்கு மேல், நசுங்காமல், ஒரு கட்டு சாமந்தி இருக்கும்.

"ஏண்டா, நாம என்ன ஹோட்டலா நடத்துறோம்?" என்று கேட்டால், "இங்கயே விளைஞ்சதுக்கா. நேத்து சாயங்காலம் பிடுங்கினது," என்பான். விமானத்தில் வந்த காய் விற்கிற பெரிய கடை எங்கள் தெருவிலேயே இருக்கிறது. கதகதப்பாகப் போய் வாங்கி வரலாம். இவனுக்கு மட்டும் எலும்புவரைக்கும் இறங்குகிற குளிரில் ஆற்றுப் பாலம் தாண்டி நடந்தால்தான் காய் காயாகத் தெரியும்.

அவனை எல்லோரும் கண்ணாடிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். தெருமுனையில் சின்னதாக ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று கேட்டால், பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்ட மாதிரி சிரித்துவிட்டுப் போவான். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம். அவனுக்கும் சேர்த்து நான்தான் பேசுவேன். நான் சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். என் வீட்டுக்காரர் காலமான பிறகு, "ஒரு மாசம் இருந்துட்டுப் போறேண்டா," என்று சொல்லிக்கொண்டு இங்கே வந்தேன். அந்த ஒரு மாதம் வருடக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கிறது. எப்போது போகிறாய் என்று அவனும் கேட்டதில்லை. நானும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

காயைக் குறை சொல்ல முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை வந்த கேரட்டில் மண் அப்பிக்கிடந்தது. திட்டிக்கொண்டே குழாயில் கழுவி, ஒரு துண்டைக் கடித்தேன். அப்படியே நின்றுவிட்டேன். அவ்வளவு இனிப்பு!

"பனி விழுந்தா கேரட்டுக்கு இனிப்பு ஏறுமாம்க்கா. தான் உறைஞ்சு போகாம இருக்க அது பண்ணிக்கிற ஏற்பாடாம்," என்றான் தம்பி. அவன் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

"யாருடா சொன்னா?"

"சந்தைல சொன்னாங்க." அத்தோடு முத்து நின்றுவிட்டது.

கீரை சின்னச் சின்ன இலையாகத் தடிப்பாக இருக்கும். பூண்டு தட்டிப் போட்டு வதக்கினால் சட்டியை வழித்துச் சாப்பிடலாம். முட்டைக்கோஸை மனிதர் சாப்பிடுகிற பொருளாகவே நான் மதித்ததில்லை; அதையும் சூப்பாக்கி இரண்டாவது கிண்ணம் ஊற்றிக்கொண்டேன். வெளியே சாயங்காலத்துக்கு முன்பே இருட்டிக்கொண்டு வரும். ஜன்னல் கண்ணாடியில் நீர் கோத்து நிற்கும். சாப்பாட்டு மேசையில், ஒரு பழைய ஜாம் பாட்டிலில், அந்தச் சாமந்தி. ஒரு வாரம் மஞ்சள், ஒரு வாரம் அரக்கு, ஒரு வாரம் வெள்ளை. நாள் முழுக்க நீராவியிலும் சோப்பு வாடையிலும் நின்றுவிட்டு வருகிற எனக்கு, அந்தக் கசந்த பச்சை வாசனை மூக்கில் ஏறினதும் தோள் தானாகத் தளரும். பூ இருக்கிறதே என்று சீக்கிரமாக வீட்டுக்கு வந்த நாளும் உண்டு.

நூல்கோல் மட்டும் தீரவே இல்லை. மேல்வீட்டுக்காரிக்குக் கொடுத்துக் கொடுத்து, கடைசியில் அவள் என் காலடிச் சத்தம் கேட்டாலே விளக்கை அணைக்க ஆரம்பித்தாள். ஒரு நாள் படிக்கட்டில் வசமாக மாட்டிக்கொண்டாள்.

"போதும் தாயே, எங்க வீட்டுப் பிள்ளைங்க என்னப் பிடிச்சுத் திட்டுதுங்க," என்று கும்பிட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்கக் கூடாது. உங்க தம்பி காய் வாங்கப் போறாரா, காய்க்காரம்மாவப் பாக்கப் போறாரா?" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கல்யாணத்துக்குப் போனால்கூடச் சவரம் பண்ணாதவன், சனிக்கிழமை காலையில் கன்னம் பளபளக்க நிற்கிறான். பாலம் தாண்டிப் போகிறவனுக்கு இஸ்திரி போட்ட சட்டை எதற்கு? போட்டுக் கொடுத்தவளே நான்தானே!

மறைப்பானேன், முதலில் எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. எங்களுடையது இரண்டு அறை வீடு. ஒன்று அவனுக்கு, ஒன்று எனக்கு. அவன் ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினால், ஒரு மாதம் என்று சொல்லி வந்தவள் கிளம்பத்தானே வேண்டும்? இந்த வயதில் எங்கேயோ ஓர் அறை எடுத்து, ஒற்றைத் தட்டு வைத்து, யாரைத் திட்டிக்கொண்டு சாப்பிடுவேன்?

அதனால் நானாக வாயைத் திறக்கவில்லை. அவனும் திறக்கவில்லை. நூல்கோல் மட்டும் வந்துகொண்டே இருந்தது.

வருடத்தின் கடைசிச் சந்தை நாளன்று அவனுக்கு நல்ல காய்ச்சல். அதற்குப் பிறகு குளிர் முற்றிவிடும், வசந்தம் வரும்வரை யாரும் கடை போடமாட்டார்கள். உடம்பு அடுப்பாகக் கொதிக்கிறது, இவன் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலில் சாக்ஸ் மாட்டுகிறான்.

"படுடா! வழியில விழுந்து தொலைக்கப் போற!"

"இன்னிக்கு விட்டா இனிமே இல்லக்கா..."

"நான் போறேன். பையக் குடு."

காய்ச்சலைவிட அதுதான் அவனை அதிகமாக ஆட்டியது. "நீயா?" என்றான்.

"ஏன், எனக்குக் காய் வாங்கத் தெரியாதா?"

"தெரியும்... தகரக் கூரைக்குக் கீழ, கடைசிக் கடை." மென்று விழுங்கினான். "திட்டாதக்கா."

யாரை என்று நான் கேட்கவில்லை. ஆளைப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான். பார்த்து என்ன செய்வதாக உத்தேசம் என்று என்னையே யாராவது கேட்டிருந்தால் பதில் தெரிந்திருக்காது.

பாலத்தின் மேல் காற்று காதைப் பிய்த்தது. சந்தையில் பாதிக் கடைகள் வரவில்லை. வந்தவர்கள் காலை மாற்றி மாற்றித் தரையில் தட்டிக்கொண்டு நின்றார்கள். கடைசிக் கடையில் கம்பளித் தொப்பி, விரல் நுனி வெட்டிய கையுறை, மூக்குக்கண்ணாடியோடு ஒருத்தி முட்டைக்கோஸை அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள் இருப்பாள். அவள் கண்ணாடியின் இடது காதுக்கம்பி ஒரு நிறம், வலது காதுக்கம்பி ஒரு நிறம். அந்த வலது கம்பி என் தம்பியின் கைவேலை என்று பார்த்ததும் தெரிந்தது.

அவள் என்னைப் பார்க்கவில்லை, என் கையிலிருந்த பையைத்தான் பார்த்தாள்.

"இது கண்ணாடிக்காரர் பையாச்சே! அவருக்கு என்னாச்சு?"

"காய்ச்சல்."

"ரொம்பவா? டாக்டரப் பாத்தாச்சா? போன வாரமே இருமிட்டு இருந்தாரு, நான்தான் கவனிச்சுச் சொல்லாம விட்டுட்டேன்..." என்று படபடத்தவள், சட்டென்று தன்னைப் பிடித்து நிறுத்திக்கொண்டாள். பிறகு நேராக நிமிர்ந்து, நல்லவிதமாகச் சிரித்தாள். "நீங்கதான் அவர் வீட்டம்மாவா? உங்கள ஒரு தடவையாவது பாக்கணும்னு ரொம்ப நாளா ஆசை."

தொப்பியும் மஃப்ளருமாக மூக்கு மட்டும் தெரிகிற கோலத்தில் என் வயது யாருக்குத் தெரியும்?

"இங்க எத்தனையோ ஆம்பளைங்க வர்றாங்க. வாரா வாரம் மறக்காம வீட்டுக்குப் பூ வாங்கிட்டுப் போறது இவர் ஒருத்தர்தான்," என்று சொல்லிக்கொண்டே ஒரு வாளியிலிருந்து சாமந்தியை எடுத்தாள். "பிளாஸ்டிக் கூடாரத்துக்குள்ள வெச்சு, ராத்திரியில போர்வை போத்தி வளக்கறேன். உங்களுக்குன்னு தனியாப் பாத்துத்தான் கட்டுவேன். பாதி விரிஞ்சதா எடுத்தா வாரம் பூரா நிக்கும். நின்னுதா?"

நின்றது. எல்லா வாரமும் நின்றது.

ஆமாம் என்று ஒரு தலையாட்டல் போதும். நான் பொய்கூடச் சொல்ல வேண்டாம். இன்றோடு சந்தை முடிகிறது. வசந்தத்துக்குள் அவன் பழையபடி ஆகிவிடுவான், வீடும் பழையபடி இருக்கும். கழுத்துகூட அசையப் பார்த்தது.

ஆனால் அவள் கையைப் பார்த்துத் தொலைத்துவிட்டேன். குளிரில் வெடித்த விரல்கள், ஒவ்வொரு பூவாகத் திருப்பிப் பார்த்து, முற்றியதை ஒதுக்கி, நல்லதை எடுத்து வைத்தன. யாரோ ஒருவன் பெண்டாட்டிக்கு. இத்தனை வாரமும் என் மேசையில் இருந்த பூவெல்லாம், தனக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொண்டே இவள் எனக்காகப் பொறுக்கியது. தம்பி மேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தடிமாடு! ஒரு வார்த்தை சொல்ல மாட்டானா?

"ஏம்மா, நான் அவன் பொண்டாட்டி இல்ல. அக்கா," என்றேன். சத்தமாகவே வந்துவிட்டது. பக்கத்துக் கடை முட்டைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "அப்போ... அவர் வீட்ல?"

"அவன் வீட்ல நான்தான். வேற யாரும் இல்ல. என்னிக்கும் இருந்ததில்ல."

"அப்போ இந்தப் பூவெல்லாம் யாருக்கு?"

"நீ இங்க பூவுக்குப் பதிலா செங்கல் வித்திருந்தா, அவன் வாரா வாரம் செங்கல் சுமந்துட்டு வந்திருப்பான். இதுக்கு மேல நான் சொல்லக் கூடாது."

முட்டைக்காரர்தான் முதலில் சிரித்தார். பிறகு அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், அப்படியே கண்ணையும் துடைத்துக்கொண்டாள். "எனக்கும் யாரும் இல்ல. அப்பா மட்டும்தான்," என்றாள், நான் கேட்காமலே.

"கடையக் கட்டினதும் ஒரு எட்டு வந்துட்டுப் போம்மா. ஆளு கஞ்சிகூடக் குடிக்காம கிடக்கான்."

"வரலாமா? நீங்க ஒண்ணும் நெனச்சுக்க மாட்டீங்களே?"

"நெனச்சுக்கத்தான் செய்வேன். வா," என்று சொல்லி விலாசத்தையும் சொன்னேன்.

திரும்பும்போது பாலத்தின் நடுவில் நின்று நன்றாக அழுதேன். யாராவது கேட்டால் காற்று என்று சொல்லிவிடலாம் என்கிற தைரியம். என் கையாலேயே என் இடத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வருகிறேன், எனக்கென்ன பைத்தியமா?

வீட்டில் அவன் படுக்காமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். நான் பையை வைப்பதற்குள், "பாத்தியா?" என்றான்.

"பாத்தேன். உனக்குக் கல்யாணமாகி நான்தான் பொண்டாட்டின்னு நெனச்சுட்டிருந்தா அந்தப் பொண்ணு. நல்லா இருக்கு கூத்து! இல்லம்மா, நான் அக்கான்னு சொல்லிட்டு வந்திருக்கேன். இன்னும் கொஞ்ச நேரத்துல இங்க வரும்."

அவன் முகம் போன போக்கை என்ன சொல்ல! போர்வையை இழுத்துக் கழுத்துவரை மூடிக்கொண்டான்.

"இத்தன நாளா ஏண்டா வாயத் தொறக்கல? மாட்டேன்னு அவ சொல்லிடுவாளோன்னு பயமா?"

"அதுக்குப் பயப்படல."

"பின்ன?"

"சரின்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னுதான்." போர்வையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "மறுநாளே நீ கிளம்பிடுவ. யார் தடுத்தாலும் நிக்க மாட்ட. எனக்குத் தெரியாதா உன்ன? நீ இல்லாத வீட்ல நான் என்னக்கா பண்ணுவேன்?"

அவன் தலையைப் பிடித்து என் வயிற்றோடு அணைத்துக்கொண்டேன். நெற்றி நெருப்பாகச் சுட்டது. அவனுக்கும் சேர்த்துப் பேசுகிற எனக்கு "முட்டாளே, முட்டாளே," என்பது மட்டும்தான் வாயில் வந்தது. இரண்டு பேரும் அழுதோம். இந்த வயதில், வெட்கமில்லாமல்.

"எங்கடா போவேன் நான்? நீ கழுத்தப் பிடிச்சுத் தள்ளினாலும் போகமாட்டேன். என் அறையில கட்டில நகத்தினா இன்னும் ரெண்டு கட்டில் போடலாம். முதல்ல போய் மூஞ்சியக் கழுவு, பாக்கச் சகிக்கல."

கழுவிக்கொண்டு வந்தான். வேறு சட்டை மாட்டினான். பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான், நான்தான் சரி பண்ணினேன். அப்போது வாசல் மணி அடித்தது.

"அக்கா, நீயே திற," என்றான், சின்னப் பிள்ளை மாதிரி.

எப்போதும் நான்தான் திறப்பேன். கால் எழுந்தும்விட்டது. பிறகு அவன் கட்டிலிலேயே அழுத்தமாக உட்கார்ந்துகொண்டேன். "உன்னப் பாக்க வந்திருக்கா. நீ போ."

அவன் போனான். கதவுக்குப் பக்கத்தில் போய், தாழ்ப்பாளில் கையை வைத்துக்கொண்டு, திரும்பி என்னைப் பார்த்தான்.

"இங்கதாண்டா இருக்கேன்," என்றேன். "திற."