தேய்த்துக் கழுவிய காளை

அருங்காட்சியகத்திலிருந்து வந்திருந்த லுவான் என்ற பெண், வெண்கலக் காளையின் முதுகிலிருந்த மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அதைக் கண்டெடுத்த விவசாயி கெங், தன் வீட்டு முற்றத்தில் அவள் பக்கத்திலேயே நின்றிருந்தான்.

பழைய ராஜாக்கள் முன்னோருக்கு மது வார்த்த பாத்திரம் அது. மேட்டில் மண் வெட்டும்போது அவன் மண்வெட்டியில் தட்டுப்பட்டது. இந்தப் பள்ளத்தாக்கில் அப்படி ஏதாவது கிடைப்பது புதிதில்லை. கிடைத்தால் அரசாங்கத்திடம் கொடுப்பார்கள்; ஊர் கூடி மேளம் அடிக்கும். கெங்கின் முறை இன்றுதான் வந்திருந்தது. மேளக்காரர்கள் வாசலில் புகை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"எடுக்கும்போதே இப்படிப் பளபளன்னுதான் இருந்துச்சா, கெங் அண்ணே?"

ஊர்த்தலைவர் மா முந்திக்கொண்டார். "பின்னே? அந்தக் காலத்து வேலைன்னா சும்மாவா, தோழரே!"

கெங் தலையாட்டினான். அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

சுடுதண்ணீரோடு வந்த அவன் மனைவி சுய்ச்சின் அங்கேயே நின்றுவிட்டாள். "நல்லாயிருக்கே கதை! வரும்போது பாசி புடிச்ச தவளை மாதிரி இருந்துச்சு. அழுக்கோட குடுத்தா நம்ம மானம் போயிடும்னு, செங்கல் தூளும் காடியும் போட்டு ரெண்டு நாள் தேய்ச்சாரு இந்த மனுஷன். வீட்டுச் சட்டிய ஒரு நாளாவது தொட்டிருப்பாரா?"

கூட்டம் சிரித்தது. "போன மாசம் இவனோட கோவேறு கழுதை செத்துச்சு, இப்போ காளை கிடைச்சிருக்கு. குளிப்பாட்டாம இருப்பானா?" என்றான் பக்கத்து வீட்டுக்காரன்.

லுவான் சிரிக்கவில்லை. மூடியைத் திருப்பிக் காட்டினாள். "இங்க எழுத்து இருந்திருக்கு. எந்த மகன், எந்த அப்பாவுக்காகச் செஞ்சான்னு எழுதியிருப்பாங்க. ரெண்டு எழுத்துதான் மிச்சம்."

கெங் தன் கட்டைவிரலைப் பார்த்தான். மூவாயிரம் வருஷம் மண் பத்திரமாக வைத்திருந்த ஒரு அப்பனின் பெயர். வருஷம் தவறாமல் தன் அப்பன் சமாதியில் புல் பிடுங்குகிறவன், அதை இரண்டே நாளில் தேய்த்துவிட்டான். அவள் ஒரு வார்த்தை திட்டினால் தேவலை என்றிருந்தது. அவள் கேட்டது வேறு.

"கழுவின தண்ணிய எங்க ஊத்துனீங்க?"

முற்றத்திலிருந்த சீமைப்பனிச்சைப் பழமரத்தின் அடியைக் காட்டினான். அவள் மண்டியிட்டு, காளையிலிருந்து கரைந்து வந்த பச்சைக் களிம்பு படிந்த மண்ணைத் தேக்கரண்டியால் வழித்துக் காகிதத்தில் வைக்கத் தொடங்கினாள்.

"தோழரே," என்றான் கெங். "முதல்ல தலையாட்டுனது பொய். அந்தக் கோடெல்லாம் கையில தட்டுப்பட்டுச்சு. அழுக்குன்னு நெனச்சு ஆணி வெச்சுச் சுரண்டுனேன். நான்தான்."

யாரும் சிரிக்கவில்லை. மா தொண்டையைக் கனைத்துக்கொண்டு வேறெங்கோ பார்த்தார். லுவான் தலை நிமிராமல் ஒருமுறை 'ம்' என்றாள், கரண்டி நிற்கவில்லை.

மண் கிளறுவதைப் பார்த்து, புழு கிடைக்கும் என்று முற்றத்துக் கோழிகள் ஓடி வந்தன. கெங் இரண்டு கைகளையும் அகல விரித்து, அவளுக்கும் கோழிகளுக்கும் நடுவில் போய் நின்றான். ஊரே பார்த்துக்கொண்டிருக்க, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்ந்து நகர்ந்து அவற்றை விரட்டிக்கொண்டிருந்தான்.