மடிப்பு மாறிய ஆறு படங்கள்

அந்தச் சித்திரக்கதையின் முதல் பாகம் புதன்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு எழுத்தக்கா ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்ததே பெரிய பாக்கியம் என்று அவள் நினைத்திருந்தாள்.

எழுத்தக்கா என்பது பதிப்பகத்தில் அவளுக்கு விழுந்த பெயர். வேற்றுமொழிச் சித்திரக்கதைகளில் பேச்சுக்குமிழ்களைத் துடைத்துவிட்டு நம் எழுத்தை வைப்பதும், துடைத்ததில் அழிந்துபோன சுவரையோ மரக்கிளையையோ திரும்ப வரைந்து ஒட்டுப்போடுவதும் அவள் வேலை. பதினாறு வருடம் கணினிப் பேனாவைப் பிடித்ததில் வலது மணிக்கட்டு நரம்பு நசுங்கிப்போயிருந்தது. கையில் டம்ளர் இருக்கிறதா இல்லையா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அறுவை சிகிச்சைக்கு நாலு மாதம் காத்திருந்து கிடைத்த தேதி அது. தவறவிட்டால் இன்னும் மூன்று மாதம் ஆகும், அதற்குள் விரல்களின் பிடிமானம் போய்விடும், போனது திரும்பாது என்று டாக்டர் சுருக்கமாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

கதை ஜப்பானிய சாமுராய்க் கதை. அட்டையிலேயே ‘பெரியவர்களுக்கு மட்டும்’ என்று கறுப்புப் பட்டை போட்டாயிற்று; இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் ரத்தம் சிந்தாத பக்கம் சொற்பம். ஜப்பானியர்கள் புத்தகத்தை வலப்பக்கத்திலிருந்து தொடங்குகிறவர்கள். நம் ஆட்கள் கடைசிப் பக்கத்தை முதலில் திறந்துவிட்டு, செத்தவன் எப்படி நடந்து வருகிறான் என்று கடைக்காரரிடம் மல்லுக்கு நிற்பார்கள் என்பது பதிப்பாளரின் பயம். ஆகவே எல்லாப் பக்கங்களையும் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பிவிடச் சொல்லிவிட்டார். ஒரே மதியத்தில் அத்தனை சாமுராய்களும் இடதுகைக்காரர்கள் ஆனார்கள். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை காலை கப்பல்காரர் கடைசி முறை சரிபார்க்க வந்தார். அவர்தான் மொழிபெயர்ப்பாளர். பதினெட்டு வருடம் சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்து, ஜப்பானியத் துறைமுகங்களில் மீனுக்கும் காய்கறிக்கும் பேரம் பேசிப் பேசியே அந்த மொழியைக் கற்றவர். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு பக்கம் பக்கமாகத் தள்ளியவர், நூற்று எண்பத்தெட்டில் நின்றுவிட்டார்.

“இந்த ஆளோட அங்கி மடிப்பை யாரும்மா மாத்தினது?”

“நான்தான் சார். இந்த மூணு பக்கத்துல மட்டும் மடிப்பு மாறிக் கிடந்துச்சு. வரைஞ்சவர் அசந்துட்டார்போல. ஆறு படம், சரி பண்ணிட்டேன்.”

சொல்லும்போது அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஓவியர் எந்தத் தவணைக்காக, எந்த வலியோடு வரைந்தாரோ, தன்னைப்போல ஒருத்தர்தானே என்று இரண்டு நாள் செலவழித்து, கழுத்திலிருந்து இடுப்பு வரை ஒவ்வொரு கோடாக மாற்றியிருந்தாள்.

கப்பல்காரர் பையிலிருந்து மூலப் புத்தகத்தை எடுத்து அதே பக்கத்தைத் திறந்து வைத்தார்.

“அவர் அசரலைம்மா. அங்க பிணத்துக்குத்தான் அப்படி உடுத்துவாங்க.”

பிறகு நிதானமாக விளக்கினார். உயிரோடு இருப்பவர்களுக்கு அங்கியின் இடப்பக்கம் மேலே வரும்; செத்தவர்களுக்கு வலப்பக்கம் மேலே வரும். கதையில் அந்தக் கிழட்டு வீரனை, ஓடிப்போன சொந்த மைத்துனனைக் கொன்றுவிட்டு வரும்படி அவனுடைய பிரபு அனுப்புகிறார். நாற்பது வருடம் வெட்டிச் சலித்தவன் அவன். கடைசிக் காலையில் தானே தனக்குப் பிணத்தின் மடிப்பை உடுத்திக்கொண்டு மைத்துனன் முன்னால் போய் நிற்கிறான். மைத்துனன் அந்த மடிப்பைப் பார்க்கிறான். இவன் வாளை உருவப்போவதில்லை என்பது அவனுக்கு அப்போதே தெரிந்துவிடுகிறது. மூன்று பக்கத்திலும் ஒரு வார்த்தை கிடையாது.

“மொழிபெயர்க்க ஒண்ணும் இல்லாத இடம்னு நானும் புரட்டிட்டுப் போயிட்டேன்,” என்றார் கப்பல்காரர். “உன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்.”

எழுத்தக்காவுக்கு அதற்குள் இன்னொன்று உறைத்தது. பக்கங்களைத் திருப்பியதில் எல்லோருடைய மடிப்பும் மாறியிருக்கிறது. தண்ணீர் சுமப்பவன், கல்யாணப் பெண், தவழும் குழந்தை, அத்தனை பேரும் இருநூறு பக்கமும் பிணமாக உடுத்தி நடமாடுகிறார்கள். கிழவன் ஒருவன்தான் அவர்களிலிருந்து வேறாக இருந்தான். அவனையும் இழுத்துக் கூட்டத்தோடு சேர்த்துவிட்டாள்.

கப்பல்காரர் அவளுடைய மணிக்கட்டுப் பட்டையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். இது நமக்குள் இருக்கட்டும், ஊரில் இதைக் கண்டுபிடிக்க நாலு பேர் இருந்தால் அதிகம் என்றார்.

மதியம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து வைத்தபடி அவள் கணக்குப் போட்டாள். தான் மாற்றிய ஆறு படங்களை மட்டும் பழையபடி ஆக்க அரை நாள் போதும். ஆனால் அப்போது பிணங்களுக்கு நடுவே கிழவன் மட்டும் உயிரோடு நிற்பான். அது இதைவிடப் பெரிய பொய். எல்லாப் பக்கத்தையும் மூலம்போலத் திருப்பிவிட்டால் கதை நேராகும். படத்தைத் திருப்ப ஒரு நொடிதான். ஆனால் ஆயிரத்து நூற்றுச் சொச்சம் குமிழ்களின் எழுத்தை ஒவ்வொன்றாக இடம் மாற்றி வைக்க இருபது நாள். இருபது நாளில் வியாழக்கிழமை போய்விடும். கையும் போய்விடும்.

பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் முதலில் முடிவெடுத்தாள். கோபப்படக்கூடத் தெம்பில்லை. ஆனால் அந்த மைத்துனனின் முகம் விடவில்லை. மடிப்பை மாற்றிய இரண்டு நாளும் பக்கத்திலேயே இருந்த முகம். மூலத்தில் அவன் கண் கிழவனின் நெஞ்சின்மேல் இருக்கிறது. அவள் ஒட்டுப்போட்ட பக்கத்திலும் அதே கண், அதே இடத்தில்தான் இருக்கிறது. பார்ப்பதற்குத்தான் அங்கே ஒன்றும் இல்லை. ஒன்றுமில்லாததைப் பார்த்து ஒருத்தன் அப்படி உடைந்துபோய் நிற்கிறான்.

மூன்று மணிக்குப் பதிப்பாளரின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். தான் செய்த ஆறு படத்தை முதலில் சொன்னாள். பதிப்பாளர் அவளைவிடப் பத்து வயது சின்னவர்; இரண்டு புத்தகத்தையும் அருகருகே வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கிழவன் பயந்து தோத்துட்டான்னு நினைச்சேன்க்கா,” என்றார் கடைசியில். “பின்னட்டையில அப்படியே எழுதியும் வச்சிருக்கேன்.”

எத்தனை நாளாகும் என்று கேட்டார். ஒற்றை ஆளாக இருபது நாள் என்றாள். அவர் அவளுடைய கையைப் பார்த்தார், மேசை நாட்காட்டியைப் பார்த்தார், மறுபடி கையைப் பார்த்தார்.

“நான் என்னத்தைச் சொல்றதுக்கா. உங்க உடம்பு. நீங்களே யோசிச்சு ஒரு முடிவு சொல்லுங்க. எதுன்னாலும் எனக்குச் சம்மதம்.”

நல்ல மனிதர்கள் பாரத்தை இப்படித்தான் இறக்கி வைப்பார்கள், மரியாதையோடு, அடுத்தவர் தலையில். வீட்டிலும் இதே கதைதான். உனக்கு எது தோணுதோ செய் என்று புருஷன் நாலு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்; ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போய் வரிசையில் நின்று தேதி வாங்கியவள் அவள்தான். கதையில் வரும் அந்தப் பிரபுவாவது கொன்றுவிட்டு வா என்று வாய்விட்டுச் சொன்னார்.

அவள் எதிர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். அந்த அறையில் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

“புத்தகம் திரும்பணும் தம்பி. ஆனா என் கை திருப்பாது. நீங்க உக்காருங்க. கப்பல் சாரும் உக்காரட்டும்.”

“எனக்கு அதுல ஒரு பொத்தான்கூடத் தெரியாதேக்கா.”

“எனக்கும் பொறக்கும்போதே தெரிஞ்சிருக்கலை.”

பதிப்பாளர் ஜன்னலைப் பார்த்தார். அங்கே உதவி ஒன்றும் வரவில்லை. பெருமூச்சு விட்டு அச்சகத்துக்குப் போன் போட்டு, புதன்கிழமை இல்லை, அடுத்த மாதம் என்றார். அந்தப் பக்கம் என்ன திட்டு விழுந்ததோ, போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு கேட்டார். பின்னட்டை வாசகத்தைக் கிழித்துக் குப்பையில் போட்டார். பின்பக்கமிருந்து படிக்கும்படி வாசகருக்கு ஓர் அறிவிப்பை மூன்று தரம் எழுதி மூன்று தரமும் அடித்தார்.

அன்று மாலையே வேலை தொடங்கியது. பதிப்பாளர் ஒரு குமிழை நகர்த்தினால் கூடவே இரண்டு குமிழ்கள் காணாமல் போயின. கப்பல்காரர் பின்னால் நின்று, கப்பலைத் துறைமுகத்தில் கட்டுவதுபோல, இன்னும் இடது, இன்னும் இடது, போதும் போதும் என்று கத்திக்கொண்டிருந்தார். முதல் பக்கத்துக்கு ஒன்றேகால் மணி நேரம் பிடித்தது. எழுத்தக்கா கையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்து வழி சொன்னாள். கிழவனின் மூன்று பக்கங்களை மட்டும் அவளே தொட்டாள். அங்கே நகர்த்த எழுத்து எதுவும் இல்லை. தன் கோடுகளை எடுத்துவிட்டுத் திருப்பிவிட்டாள், அவ்வளவுதான்.

புதன்கிழமை மாலைக்குள் பன்னிரண்டு பக்கம் முடிந்திருந்தது. பதிப்பாளர் தன்னுடைய மணிக்கட்டைத் தேய்த்தபடி, இந்தக் குமிழை எங்கேக்கா வைப்பது என்று கேட்டார்.

“அந்தாளு முகத்தை மறைக்காம எங்க வேணா வைங்க,” என்றாள். இடது கையால் பையை எடுத்துக்கொண்டாள். நாளைக்கு எட்டு மணி, வெறும் வயிற்றோடு போக வேண்டும், இன்றைக்காவது சீக்கிரம் படுக்க வேண்டும். படியிறங்கும்போது மேலே கப்பல்காரர் இன்னும் இடது என்று கத்துவது கேட்டது. அந்தக் குமிழுக்கு அது வலதாக இருக்க வேண்டும். அவள் திரும்பி ஏறவில்லை.